காசு வேண்டாம் என்று சொல்லி வீடு தேடி வரும் ஹவில்தாரை நம்பலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். ஊர் பண்ருட்டி பக்கம். அண்ணனுக்கு ராணுவத்தில் ஒன்பது வருஷ சர்வீஸ். லடாக்கில் வண்டி கவிழ்ந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது புனேயில் செயற்கைக் காலுக்காகக் காத்திருக்கிறார். இதற்கிடையில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இரண்டு முறை உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அண்ணனின் கல்யாணம் ராணுவப் பதிவில் ஏறியிருக்கிறதா, குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று விசாரித்திருக்கிறார். காசு எதுவும் வேண்டாம் என்கிறார். "அரசாங்கமே எல்லாம் செய்யாதா, இவர் எதற்கு, நம்பலாமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தமும் இல்லாத, லாபமும் இல்லாத ஒரு மனிதர் நமக்காக ஏன் பஸ் ஏறி வருகிறார் என்ற கேள்வியும் அதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வுபெற்றவன். இப்போது புதுச்சேரியில் இருக்கிறேன். பதினெட்டு வருஷமாக இங்கேயும் கடலூர் மாவட்டத்திலும் காயம்பட்டுத் திரும்பிய வீரர்களின் வீடுகளுக்குப் போய் வருகிறேன். நான் வக்கீல் இல்லை, டாக்டரும் இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்தவரை எனக்குத் தெரியாது, அதனால் அவருக்கு நான் ஜாமீன் நிற்க முடியாது. ஆனால் அவர் கேட்ட இரண்டுமே சரியான கேள்விகள். ஏமாற்ற வருகிறவன் எடுத்தவுடன் கேட்பது பேங்க் பாஸ்புக்கை. இவர் கேட்டது கல்யாணப் பதிவை.

அது ஏன் முக்கியம் என்றால், ராணுவத்தில் ஒருவரின் கல்யாணம், குழந்தை பிறப்பு, விவாகரத்து எல்லாமே பார்ட் டூ ஆர்டர் என்ற ஆணையில் வெளியானால்தான் ரெக்கார்ட்ஸ் ஆபீசில் ஏறும். ஊரே கூடிக் கல்யாணம் நடந்திருந்தாலும் அந்த ஆணை வராவிட்டால் காகிதத்தில் அவர் பிரம்மச்சாரிதான். நம் பக்கத்துப் பையன்கள் லீவில் வந்து கல்யாணம் முடித்து, லீவு முடிந்து ஓடி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அதோடு நம் இனிஷியல் தொல்லை வேறு. ஆதாரில் ஒற்றை எழுத்து இனிஷியல் இருக்கும். சர்வீஸ் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக, சில சமயம் குடும்பப் பெயர் மாதிரி பின்னால் ஒட்டியிருக்கும். மனைவி பெயர் ஒன்றில் செல்வி, இன்னொன்றில் தமிழ்ச்செல்வி. வடக்கே இருக்கும் ஒரு கிளார்க்குக்கு இவை இரண்டு பெண்கள். அண்ணன் சர்வீஸில் இருக்கும்போதே யூனிட் மூலமாக இதைத் திருத்துவது சில வார வேலை. வெளியே வந்த பிறகு அதே வேலை வருஷக்கணக்கில் இழுக்கும்.

சரி, அரசாங்கம் எல்லாம் செய்யாதா? நிறையவே செய்கிறது. புனே செயற்கை உறுப்பு மையம் 1944 முதல் இயங்குகிறது. அங்கே அண்ணனுக்குக் கிடைக்கிற கவனிப்பை வெளியே காசு கொடுத்து வாங்குவது கஷ்டம். கால் பொருத்தி அனுப்புவதோடு நிற்காது, பழுது பார்க்கவும் மாற்றவும் மறுபடி அழைப்பார்கள். பென்ஷன் உண்டு, முன்னாள் வீரருக்கும் குடும்பத்துக்கும் ஈசிஎச்எஸ் மருத்துவத் திட்டம் 2003-லிருந்து உண்டு, ராணுவ குழுக் காப்பீட்டில் ஊனத்துக்கான தொகை உண்டு. கடலூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு முப்படை நலத்துறை. ஆனால் இவை எல்லாமே மேசைக்கு வந்த காகிதத்துக்குப் பதில் சொல்லும் அமைப்புகள். வராத காகிதத்தைத் தேடிக்கொண்டு உங்கள் ஊர் வரைக்கும் ஒரு ஆபீஸ் வராது. ஹவில்தாரின் வேலை அந்த இடைவெளியில் இருக்கிறது.

பென்ஷன் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரிய இழப்பு நடப்பது இங்கேதான். காயமோ நோயோ எப்படி வந்தது என்பதை வைத்து ஏ முதல் இ வரை ஐந்து பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். பணிக்குச் சம்பந்தமே இல்லாதது ஏ. பணியால் வந்த, அல்லது பணியால் மோசமான நோய் பி. பணியில் இருக்கும்போது நடந்த விபத்து சி. தீவிரவாதிகள், சமூக விரோதிகள் போன்றவர்களின் தாக்குதல் டி. போர், எல்லைச் சண்டை, கண்ணிவெடி, அரசு தனியாக அறிவித்த ராணுவ நடவடிக்கை போன்றவை இ. ஊனத்தின் அளவை முடிவு செய்யும் ராணுவ டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டு அதை 60 சதவீதம் என்று வைப்பதாகவும், அதற்காகவே அவரை வீட்டுக்கு அனுப்புவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். 50-க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்திக் கணக்கிடுவார்கள். ஆக 60 என்பது 75 ஆகும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால், சி பிரிவில் ஊனத்துக்கான பங்கு மாதம் 9,000. அதே கால், அதே சதவீதம், இ பிரிவில் 30,000. சர்வீஸுக்கான பங்கு இரண்டிலும் தனி. சி-யில் நூறு சதவீத ஊனத்துக்கு சம்பளத்தில் 30 சதவீதம்தான், இ-யில் முழுச் சம்பளம். வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

உங்கள் அண்ணன் எதில் வருவார்? உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே: பணியில் வண்டியில் போகும்போது நடந்தது என்று கோர்ட் ஆஃப் என்கொயரி, அதாவது விபத்தைப் பற்றிய ராணுவ விசாரணை, பதிவு செய்திருந்தால் சி-க்குக் கீழே போகக் கூடாது. அந்தப் பயணம் அறிவிக்கப்பட்ட ராணுவ நடவடிக்கையின் பகுதியா, யூனிட் அதை பேட்டில் கேஷுவல்ட்டி (போர்க்காயம்) என்று எழுதியதா, ஃபிசிக்கல் கேஷுவல்ட்டி (மற்ற காயம்) என்று எழுதியதா என்பதைப் பொறுத்து மேலே போகலாம். வெளியிலிருந்து யாரும் அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. "இ வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் சத்தியம் செய்தால் அவரை அங்கேயே நிறுத்துங்கள். அண்ணனிடம் இருக்க வேண்டியவை விசாரணை முடிவின் நகல், ஐஏஎஃப்ஒய் 2006 என்ற காய அறிக்கையின் நகல், மெடிக்கல் போர்டு நடந்ததும் அதன் நகல். போர்டு சொன்னதில் உடன்பாடில்லை என்றால் முடிவு கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதிலும் ஆகாவிட்டால் இரண்டாவது. அதற்கும் மேலே சென்னையில் ராணுவத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. இன்னொன்று, 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. ஊனத்தோடு பணியில் தொடர்ந்து ஓய்வுபெறுபவர்களுக்கான தொகையின் பெயரும் நிபந்தனைகளும் அதில் மாறியிருக்கின்றன. என்னைப் போன்ற பழைய ஆட்கள் பழைய விதியை வைத்துச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் சொன்னாலும் ஒரு முறை சரிபாருங்கள்.

"வீட்டுக்குப் போகிறேன்" என்று அண்ணன் அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது ஊர் ஞாபகம்தான் பெரிதாக இருக்கும், நான் வார்டில் பார்த்திருக்கிறேன். கால் போனவரைக் குறைந்த மருத்துவப் பிரிவில் வைத்து, அவருக்கு ஏற்ற வேலை கொடுத்துத் தொடரவும் வழி இருக்கிறது. 1971 போரில் காலை இழந்த இயன் கார்டோசோ என்ற அதிகாரி அதற்குப் பிறகு ஒரு பட்டாலியனையே நடத்தினார், மேஜர் ஜெனரல் வரை போனார். ஜவானுக்கு அந்த அளவு வாய்ப்பு இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். இடம் காலியாக இருக்க வேண்டும், கமாண்டிங் ஆபீசரும் பரிந்துரைக்க வேண்டும். ஆனாலும் பணியில் தொடர விருப்பமா இல்லையா என்று எழுதி வாங்கும் வில்லிங், அன்வில்லிங் காகிதத்தில் கையெழுத்து போடும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

இனி அந்த மனிதர் ஏன் வருகிறார் என்பதற்கு வருகிறேன். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரும் ஒரு ஹவில்தார்தான். நெல்லிக்குப்பம் பக்கத்துக்காரர். பெயரைச் சொல்ல மாட்டேன், உயிரோடு இருந்தவரை அவர் அதை விரும்பவில்லை. 1971-ல் காயம்பட்டு இடது கையில் இரண்டு விரல் போனவர். பென்ஷனில் வந்த நாளிலிருந்து சாகும் வரை, முப்பது வருஷத்துக்கு மேல், தோளில் ஒரு ரெக்சின் பையோடு டவுன் பஸ்ஸில் குறிஞ்சிப்பாடி, வடலூர், காட்டுமன்னார்கோயில் என்று சுற்றினார். பையில் எண்பது பக்க நோட்டுகள் இருக்கும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு பக்கம். படை எண், பென்ஷன் ஆணை எண், மனைவி பெயரின் எழுத்துகள், குழந்தை எந்த வகுப்பு, யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது வரைக்கும் எழுதி வைத்திருப்பார். முதல் முறை போகும்போது காகிதமே கேட்க மாட்டார். தண்ணீர் வாங்கிக் குடிப்பார், வீட்டுப் பெரியவர்களிடம் விளைச்சல் பற்றிப் பேசுவார், வந்துவிடுவார். மூன்றாவது மாதம் கட்டாயம் மறுபடி போவார். "முதல் மாதம் கலெக்டர் வருவார், கட்சிக்காரர் வருவார், மாலை வரும். மூணாவது மாசம்தான் வீட்டில் யாரும் இருக்க மாட்டாங்க" என்பார்.

ஒரு தடவை மட்டும் காரணம் கேட்டேன். பெரிதாக எதுவும் சொல்லவில்லை. போரில் காயம்பட்டு மிலிட்டரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துப் படுக்கையில் நம் பக்கத்து ஆள் ஒருவர். கண்ணிவெடியில் இரண்டு கையும் போய், கட்டுப் போட்டிருந்தது. வீட்டுக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். "லேசான காயம், சீக்கிரம் வருகிறேன் என்று எழுது" என்றார். இவரும் இன்லேண்ட் லெட்டரில் அப்படியே எழுதினார். ஒன்றல்ல, நான்கு கடிதம். ஐந்து மாதம் கழித்து அந்த மனிதர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கியபோது அழைக்க வந்த அம்மா அங்கேயே விழுந்துவிட்டாராம். "அந்தப் பொய்யை எழுதினது என் கை" என்றார் ஹவில்தார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய முதல் நோட்டின் முதல் இரண்டு பக்கம் அந்தக் குடும்பத்துக்குத்தான்.

எல்லாருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. சிலருக்குத் தன் படைப்பிரிவு ஆளை விட்டுவிட முடியாது, அவ்வளவுதான். சிலருக்கு வீட்டில் சும்மா உட்கார முடியாது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்த நம் ஆட்களுக்காகக் கட்டியது. ஜூலை 14 வந்தால் விளக்குப் போட்டு மரியாதை செய்வார்கள். எங்கள் ஊரில் சொல்தா என்று அழைக்கப்படும் பழைய பிரெஞ்சுப் படைவீரர்களைச் சின்ன வயதில் அங்கே மெடல்களோடு பார்த்திருக்கிறேன். அதில் ஒருவருக்கு ஒரு கால் விறைத்து நிற்கும். அவர் வீட்டுக்கு யார் போனார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இந்த வேலைக்கு வந்த பிறகு அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அண்ணன் ஊருக்கு வந்த பிறகு என்ன ஆகும் என்பதை நர்சிங் ஆளாகச் சொல்கிறேன். இல்லாத காலில் கட்டை விரல் அரிக்கிறது, பாதம் முறுக்குகிறது என்பார். பைத்தியம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையான வலி, கால் இழந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஒரு அளவில் இருக்கும். சென்னை ஸ்டான்லியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், நல்ல காலைக் கண்ணாடியில் காட்டி இல்லாத கால் அசைவதாக மூளைக்குத் தோன்றச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. செலவில்லாதது என்பதால் செய்து பார்க்கலாம். வலி தூக்கத்தைக் கெடுத்தால் டாக்டரிடம் மருந்து இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

வெட்டிய இடம் முதல் வருஷத்தில் சுருங்கிக்கொண்டே வரும். வெட்டிய இடம் உள்ளே உட்காரும் கிண்ணம் மாதிரியான பகுதிதான் சாக்கெட். முதலில் பொருத்திய சாக்கெட் சில மாதத்தில் லொடலொடவென்று ஆவது அதனால்தான், கால் மட்டமானது என்று அர்த்தமில்லை. சாக்கெட்டை மாற்ற வேண்டும். நம் கடற்கரைப் பக்கத்துப் புழுக்கத்தில் சித்திரை, வைகாசியில் உள்ளே வியர்வை தேங்கித் தோல் உரியும். வெட்டிய இடத்தில் மாட்டும் உறையைத் தினமும் துவைத்துக் காயவைக்க வேண்டும், ராத்திரியில் காலைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்க வேண்டும், சிவந்த இடம் அரைமணி நேரத்தில் ஆறவில்லை என்றால் அன்றைக்குக் கால் மாட்டக் கூடாது. இன்னொரு விஷயம் ஊருக்கு வந்த பிறகுதான் பலருக்குப் புரிகிறது. செயற்கைக் காலை ஷூவின் குதிகால் உயரத்துக்கு ஏற்ப அமைத்திருப்பார்கள். வீட்டு வாசலிலோ கோயிலிலோ செருப்பைக் கழற்றினால் உடம்பு பின்னால் சாயும். வெறுங்காலோடு வயலில் நடக்கிற நம் ஆட்களுக்காகத்தான் 1968-ல் ஜெய்ப்பூர் கால் வந்தது. அண்ணன் புனேயில் இருக்கும்போதே "நான் கிராமத்தில் வெறுங்காலோடு நடப்பேன், வரப்பில் நடப்பேன், தரையில் உட்காருவேன்" என்று சொல்லட்டும். சொன்னால்தான் அதற்கேற்ற பாதத்தை யோசிப்பார்கள். வீட்டில் மேற்கத்திய கழிப்பறையும் சுவரில் பிடி கம்பியும் அவர் வருவதற்கு முன் போட்டுவிடுங்கள். வந்த பிறகு போட்டால் தன்னால் வீட்டுக்குச் செலவு என்று நினைப்பார்.

மனசைப் பற்றி ஒன்று. பேச்சு குறைந்து, தூங்காமல், ராணுவ கேன்டீனில் மாதக் கோட்டாவாகக் கிடைக்கும் மதுபாட்டில் பாதி மாதத்திலேயே தீர ஆரம்பித்தால் அதைக் குடிப்பழக்கம் என்று மட்டும் பார்க்காதீர்கள். அண்ணியைத் தனியாக விடாதீர்கள். காயம்பட்டவரை நலம் விசாரிக்க ஊரே வரும், அவரை இரவில் தூக்கி உட்கார வைக்கிறவரை யாரும் விசாரிக்க மாட்டார்கள். ஈசிஎச்எஸ் பரிந்துரையோடு மனநல மருத்துவரைப் பார்க்கலாம், ஜிப்மரிலும் பார்க்கலாம். இதில் நான் ஒரு தடவை தவறவிட்டிருக்கிறேன். காகிதம் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒரு வீட்டுக்கு எட்டு மாதம் போகாமல் இருந்தேன். போனபோது அந்தப் பெண் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். சேர்த்துவைக்க இரண்டு வருஷம் ஆனது.

ஹவில்தாரை நம்பலாமா என்று கேட்டீர்களே, அவரை எப்படிச் சோதிப்பது என்று சொல்கிறேன். அசல் காகிதம் எதையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம், நகல் போதும். ஓடிபி, ஸ்பர்ஷ் பென்ஷன் கணக்கின் பாஸ்வேர்ட், கையெழுத்துப் போட்ட வெற்றுக் காகிதம், செக் இவற்றில் எதைக் கேட்டாலும் அதோடு முடித்துக்கொள்ளுங்கள். அரியர் வந்ததும் இத்தனை சதவீதம் என்று பேசுகிறவர் உதவி செய்ய வந்தவர் இல்லை. பெட்ரோல் பங்க், கேஸ் ஏஜென்சி எடுத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்கள் ஊனமடைந்த வீரர்களைத்தான் குறிவைக்கிறார்கள். தகுதிச் சான்றிதழ் டெல்லியில் உள்ள மறுவாழ்வு இயக்குநரகத்திலிருந்துதான் வரும், தரகர் வேண்டியதில்லை. மஞ்சக்குப்பம் போகிற வேலை இருந்தால் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அவர் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். பல வருஷமாக இதைச் செய்கிறவர் என்றால் அங்கே யாருக்காவது தெரிந்திருக்கும். காகிதங்களின் இன்னொரு நகலை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயலில் கூரை போய், டிரங்குப் பெட்டியோடு டிஸ்சார்ஜ் புக்கும் ஊறிப்போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் விட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. அடுத்த முறை அவர் வந்தால், இதற்கு முன் நீங்கள் போய் வந்த ஒரு வீட்டைக் காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். நிஜமாகவே செய்கிறவர் கோபப்பட மாட்டார், அந்த வீட்டில் முதலில் கேட்டுவிட்டு உங்களைக் கூட்டிப்போவார். போகும்போது அண்ணியையும் அழைத்துப் போங்கள். நீங்களும் ஹவில்தாரும் திண்ணையில் இருங்கள். உள்ளே அந்த வீட்டுப் பெண்ணோடு அண்ணி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும்.